மூன்று ஜாக்கும் என் மீசையும்

எனக்குக் கோபம் வந்தால் மூளை முதலில் எழும்பி வெளியே போய்விடும். வாய் மட்டும் நின்று கதைக்கும். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அப்போது அக்காவின் கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. உப்புவெளிக் கடற்கரையில் நான் வேலை செய்த விடுதியில் மாரி மழைக்கு ஒரு வெள்ளைக்காரனும் இல்லை. மாப்பிள்ளை, அதாவது சீனன்குடாவில் வேலை பார்க்கும் வருங்கால அத்தான், போக்கர் பழக்குகிறேன் என்று சீட்டுக்கட்டோடு வந்தார். கிண்ணியா நண்பன் றிஸ்வியும் சேர்ந்தான். பந்தயத்துக்குச் சோடா மூடிகள்.

அதுவரை நான் ஆடியதெல்லாம் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம். அதில் ஜாக்தான் பெரியவன். ராசாவே அவனுக்குக் கீழே. அந்தப் புத்தியோடுதான் போக்கரில் இறங்கினேன். கையில் இரண்டு ஜாக். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்த ஐந்து சீட்டில் இன்னொரு ஜாக். (எங்கள் ஊர்த் துறைமுகத்தையே எனக்கு எழுதித் தந்தது போல இருந்தது.) பக்கத்திலேயே மூன்று ஆடுத்தன், அதுதான் சிவப்பு இதயம் போட்ட சீட்டுகள், கிடந்தன. யார் கவனித்தது?

அத்தான் தன் மூடிகள் முழுவதையும் நடுவே தள்ளினார்.

"பயமெண்டா சீட்டைக் கீழ வையுங்கோ மச்சான்."

ஏற்கெனவே சீட்டை வைத்துவிட்ட றிஸ்வி என் காலில் உதைத்தான். "டேய், மேசையைப் பார். அவரிட்ட இன்னும் ரெண்டு ஆடுத்தன் இருந்தா அஞ்சும் ஒரே இனம், உன்ர மூண்டு ஜாக்கும் செத்துது. விடு!"

"விடவோ? அவர் கையில ஒண்டுமில்லாம வெருட்டுறார்!"

"வெருட்டோ? அப்ப மீசையையும் பந்தயமாக் கட்டுங்கோ," என்றார் அத்தான். "தோத்தா மீசையில்லாமத் தோழனா நிக்கோணும். நான் தோத்தா நான் வழிக்கிறன்."

எங்கள் ஊர்க் கலியாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். பதிலுக்கு அவர் தோழனுக்கு மோதிரம் போடுவார். அந்தக் காலைக் கழுவுவதே எனக்கு எரிச்சல். இதில் மீசையும் வேண்டுமாமே! மேசையைப் பார்த்திருக்கலாம். நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். சிரித்தது. மூளை எழும்பி வெளியே போனது.

"ஓம், கட்டுறன்! விரியுங்கோ!"

விரித்தார். இரண்டும் ஆடுத்தன்.

"என்ன அநியாயம் இது? ஜாக்கைவிடப் பெரிசு ஆர்?"

"அது முந்நூற்றி நாலு, மச்சான்," என்றபடி சவரக்கத்தி தேடப் போனார்.

கலியாணத்தன்று மீசையில்லாமல் மணவறை வாசலில் அவர் கால் பெருவிரலைத் திருகித் திருகிக் கழுவினேன். மனுசன் சிரித்துக்கொண்டே மோதிரம் போட்டார். படம் பிடிப்பவன் அதை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்துவைத்தான்.

போன மாதம் அக்காவின் மகள் கலியாண அல்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, அப்பாவின்ர காலை ஏன் ஒரு மாமி வேட்டி கட்டிக்கொண்டு கழுவுறா?"

அன்று தொடக்கம் வீட்டில் நான் 'வேட்டி மாமி'. குரலை உயர்த்தவே ஏலாது. உயர்த்தினால் குசினிக்குள் இருந்து அக்கா சொல்கிறாள்:

"மாமி, முதல்ல மேசையைப் பாருங்கோ."