குதிரை புக்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை மணி பத்து இருபது. வேலூர் வெயில் அதற்குள் மாடித் தொட்டியைச் சுட வைத்திருந்தது. குழாயைத் திறந்தால் நேரே காபி போடலாம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவர் கேட்டார்: "சார், குதிரை இங்கதானே?"

ஒரே ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் வந்த வினை அது.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஷிப்பிங் கிளார்க்காக இருந்தவன் நான். பெட்டிகளை எண்ணாமல் ஒரு லாரியையும் அனுப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்குப் பெட்டி இல்லாமல் மாத்திரைகளை எண்ணுகிறேன். (மருந்துக் கடைக்காரர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார்.)

எங்கள் அலமாரியில் இருபத்தேழு பழைய புத்தகங்கள் இருந்தன. எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் சிறுவர் கதைகள், எல்லாவற்றிலும் குதிரை. கம்பெனிக்குச் சரக்கு வாங்க வரும் லண்டன் பார்ட்டி ஒருவர், தன் பெண்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று எங்கள் மகள் நிர்மலாவுக்காக ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். நிர்மலா நிஜக் குதிரையைப் பார்த்ததே இரண்டு முறைதான், இரண்டும் கல்யாண ஊர்வலத்தில். ஆனாலும் லாடம் தளர்ந்த குதிரை எப்படி நடக்கும் என்று கூடத்தில் எனக்கு நடந்து காட்டுவாள். பன்னிரண்டாவது வயதில் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். அது நடந்து அப்போது இருபத்தைந்து வருடம்.

அந்த இருபத்தைந்து வருடமும் சனிக்கிழமைதோறும் என் மனைவி எஸ்தர் அவற்றை எடுத்துத் துடைத்து அடுக்குவாள். பழைய தாளின் தூசி, ராமபாணப் பூச்சி. போன வருடத்திலிருந்து அவளுக்கு வீசிங். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "புத்தகமா, நுரையீரலா? முடிவு பண்ணுங்க சார்" என்றார்.

"இனிமே நான் துடைக்கிறேன்" என்றேன் அவளிடம்.

"உங்களுக்கு வரிசை தெரியாது" என்று சொல்லிவிட்டாள். (முப்பத்தோரு வருடம் ஷிப்பிங்கில் இருந்தவனுக்கு!)

விற்பதா, வைத்துக்கொள்வதா என்று நாற்பது நாள் யோசித்தேன். வைத்தால் அவள் மூச்சு போகும். விற்றால் என்ன போகும் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து நெமிலியில் அவளுடைய தங்கை மகளுக்கு வளைகாப்பு வந்தது. இரண்டு நாள் போகிறேன் என்றாள். இதுதான் நேரம் என்று எங்கள் கம்பெனியின் பழைய ஆட்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் விளம்பரம் போட்டேன்:

'பழைய குதிரை புக் 27 விற்பனைக்கு. ஒரிஜினல் லண்டன் சரக்கு. நேரில் பார்க்கலாம்.'

'குழந்தைகள் குதிரை புக்' என்றுதான் முதலில் எழுதினேன். எழுதியதும் விரல் நின்றுவிட்டது. யார் வீட்டுக் குழந்தை, இப்போ என்ன பண்ணுது என்று யாராவது கேட்பார்கள். அந்த முதல் சொல்லை அழித்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் புக் என்றால் படிப்பதற்கானது இல்லை. சின்னச் சின்னத் தோல் துண்டுகளை அட்டையில் ஒட்டி, கீழே நிறத்தின் பெயர் எழுதிப் பார்ட்டிக்கு அனுப்பும் சாம்பிள் புக். ஆட்டுத்தோல் புக், மாட்டுத்தோல் புக் என்போம். குதிரைத் தோல் எங்கள் பக்கம் கண்ணில் படாத சரக்கு. இத்தனையும் தெரிந்த நான் 'குதிரை புக்' என்று போட்டேன்!

மறுநாள் காலை ஆம்பூரிலிருந்து காதர் பாய் என்ற தோல் வியாபாரி போன் செய்தார்.

"குதிரைதானா சார்? கேரண்டியா?"

"எல்லாப் பக்கத்துலயும் குதிரைதான் பாய்."

"கலர் எத்தனை?"

"உள்ள கருப்பு வெள்ளைதான் ஜாஸ்தி. அட்டையில மட்டும் கலர்."

குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்கும் காட்டிடாதீங்க. வர்றேன்."

அவர்தான் காரில் வந்த பெரியவர். தோலைப் பார்த்துச் சொல்ல ஒரு ஃபினிஷிங் மாஸ்டரையும் கூட்டி வந்திருந்தார். நான் இருபத்தேழையும் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி வைத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா சார்?"

"குதிரை புக்."

"குதிரை எங்க?"

"அட்டையிலயே நிக்குதே பாய்."

மாஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதர் பாய் சிரிக்கவில்லை. ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், டீசல், வெயில், எல்லாம் அவர் முகத்தில் ஓடியது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு புத்தகத்தைப் பிரித்தார்.

உள்ளே ஒரு படம். குதிரையின் முதுகில் சேணத்துக்குப் பதிலாக நிஜத் தோல் துண்டு ஒட்டியிருந்தது. கீழே பென்சிலில் 'டார்க் டான்'. அடுத்த பக்கத்தில் இன்னொரு குதிரை, இன்னொரு துண்டு, 'செர்ரி'. கம்பெனியில் கழித்துப்போட்ட சாம்பிள்களை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். நிர்மலா வெட்டி ஒட்டுவாள்.

மாஸ்டருக்குத் தொழில் புத்தி. கட்டைவிரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "பாய், இது ஆடு. பாலிஷ் இன்னும் அப்படியே நிக்குது" என்றார்.

"நீ சும்மா இரு" என்றார் காதர் பாய். பிறகு என்னிடம், "யாரு சார் ஒட்டினது?"

"பொண்ணு."

"எங்க இருக்காங்க?"

நான் சுவரில் மாட்டியிருந்த அவள் போட்டோவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் மூடி வைத்தார்.

அப்போது கேட் திறக்கும் சத்தம். எஸ்தர். மண்டபத்து ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருநாள் முன்னாலேயே கிளம்பி வந்துவிட்டாள். கூடத்தைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ தர்றீங்க?" என்றாள் காதர் பாயிடம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஐந்நூறு தர்றேன்மா."

"ஐந்நூறா? கத்திரிக்காகூட இதைவிட ஜாஸ்தி விக்கிது."

"ஆயிரம்மா."

"ரெண்டாயிரம்."

"சரிம்மா."

"மூணாயிரம்."

"சரிம்மா."

(பாய் பேரம் பேசாமல் சரி சொல்லி இதுவரை பார்த்ததே இல்லை என்று மாஸ்டர் பிறகு சொன்னார்.)

"அஞ்சாயிரம்."

"சரிம்மா. எடுத்துட்டுப் போறேன்னு சொல்லலை. வெலை சரின்னு சொல்றேன்."

எஸ்தர் புத்தகங்களின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். "பத்தாயிரம்னாலும் சரிதான்னு சொல்வீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் எப்படித்தான் விக்கிறது?" என்று கேட்டாள். அழ ஆரம்பித்தாள். அழுகையோடு இருமல், இருமலோடு வீசிங். உதடு நீலம் பாய்ந்தது. காதர் பாயின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள மாஸ்டரை விட்டுவிட்டு வந்தோம்.

முகத்தில் மருந்துப் புகையின் மாஸ்க் இருந்தது. அதை விலக்கிக்கொண்டு எஸ்தர் சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"சொல்லியிருக்க மாட்டேன். வித்துடுங்கன்னு சொல்லியிருப்பேன். அந்தப் பயத்துலதான் நானே பேச்செடுக்கலை."

மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். எனக்கு எண்ணுவதற்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லை. சலைன் சொட்டை எண்ணலாம் என்றால் பக்கத்துக் கட்டில்காரருக்குத்தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதையும் எண்ணினேன்.

மத்தியானம் வீடு திரும்பியபோது புத்தகங்களை மாஸ்டர் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை, சாம்பிள் அடுக்குவது மாதிரி. எஸ்தர் வெகுநேரம் பார்த்தாள். வரிசையை மாற்றவில்லை.

விற்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட பீரோ வாங்கி, ஓரமெல்லாம் ரப்பர் பீடிங் அடித்து உள்ளே வைத்துவிட்டோம். தூசி உள்ளே போவதில்லை. வீசிங்கும் குறைந்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் எஸ்தர் துணியோடு பீரோ முன்னால் போய் நிற்கிறாள். உள்ளே துடைக்க ஒன்றுமில்லை. கண்ணாடியை வெளியிலிருந்து துடைத்துவிட்டு வருகிறாள். இதற்கு என்ன வைத்தியம் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது எதையும் விற்க முடிவதில்லை. பழைய மிக்ஸியை எடைக்குப் போடலாமா என்று வாயெடுத்தால், "காதர் பாயைக் கூப்பிடுங்க, சரிம்மான்னு சொல்வாரு" என்பாள் எஸ்தர். சென்னையிலிருக்கும் மகன் போனை எடுத்ததும் கேட்பது, "அப்பா, இன்னிக்குக் குதிரை என்ன வெலை?"

விலை எனக்குத் தெரியாது. செலவு தெரியும். ஆஸ்பத்திரிக்கு 640, வீட்டுக்கு வாங்கிய மருந்துப் புகை மெஷின் 1,950, பீரோ 17,500, ஏற்று இறக்குக் கூலி 600, வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பக்கூடாதென்று வாங்கிய பிரியாணி மூன்று பொட்டலம் 540. ஆகமொத்தம் இருபத்தோராயிரத்து இருநூற்று முப்பது ரூபாய்.