அடிமையாக இருக்க அனுமதி கோரி

அரசாங்கம் கொத்தடிமை முறையை ஒழித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒழித்துவிட்ட ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமமான வேலை. அதற்காகக் கோடைக்கானலில் ஓர் அலுவலகமும், அலுவலகத்துக்கு ஓர் அதிகாரியும், அதிகாரிக்கு ஒரு ஜீப்பும், ஜீப்புக்கு ஒரு தார்ப்பாயும் இருந்தன. அடிமை மட்டும் இல்லை. மாதாமாதம் அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதிக் கை வலித்ததால், அந்தச் சொல்லுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார்கள்.

அந்த அலுவலகத்துக்கு 1984ஆம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடிமை ஒருத்தி தானாகவே நடந்து வந்தாள்.

அவள் பெயர் கந்தம்மாள். பிறந்தது இலங்கையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். ‘உங்கள் நாட்டுக்குப் போங்கள்’ என்று அங்கே கப்பலேற்றிவிட்டார்கள். இந்த நாட்டில் இறங்கியதும், ‘வீடு உண்டு, வேலை உண்டு’ என்று ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டார். லாரி கோடைக்கானல் மலையில் பூண்டியையும் தாண்டிப் போய் ஒரு வாட்டில் மரக் காட்டில் நின்றது. மரத்தை வெட்டிப் பட்டை உரிக்க வேண்டும். பட்டை தோல் பதனிடும் ஊர்களுக்குப் போகும். அந்த மாதிரிக் காட்டு வேலை இடத்துக்குக் கூப்பு என்று பெயர். வந்த லாரிக்கு வாடகை, குடித்த கஞ்சிக்கு விலை, இரண்டுக்கும் வட்டி என்று கடன் வளர்ந்தது. கடன் தீரும்வரை யாரும் மலையைவிட்டு இறங்கக் கூடாது. மூன்று வருஷம் உரித்தார்கள். மரம் தீர்ந்துகொண்டு வந்தது, கடன் தீரவில்லை.

ஒரு மழை நாளில் கந்தம்மாள் கேரட் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தப்பி வந்தாள். அவள் புருஷன் மணியன் காட்டிலேயே மாட்டிக்கொண்டான். கூப்புக் கான்ட்ராக்டர் தண்டாயுதபாணி சொல்லி அனுப்பினார்: “பொம்பள வந்து சேர்ற வரைக்கும் அவ பங்கையும் அவனே உரிக்கட்டும்.” மணியனைக் கீழே கொண்டுவர வேண்டும். கந்தம்மாளுக்கு உலகத்தில் வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

அவளுக்கு இடம் கொடுத்தது சிஸ்டர் அருள்மேரி இருந்த மடம். சிஸ்டர் மிகவும் நல்லவர். அவர் நல்லது செய்யத் தொடங்கிவிட்டால் யாராலும் தடுக்க முடியாது, செய்யப்படுகிறவர்களாலும் முடியாது. அந்த வருஷம் ஊரிலும் காற்று அந்தப் பக்கமே வீசியது. மாதர் கருணைச் சங்கத்தார் போன வருஷம் ஏரியைச் சுத்தம் செய்தார்கள். அதற்கு முந்தின வருஷம் கம்பளி தைத்தார்கள். இந்த வருஷம் அடிமைகள். ‘விடுதலைக்கு முன்’, ‘விடுதலைக்குப் பின்’ என்று கந்தம்மாளை இரண்டு படம் எடுக்க வந்தார்கள். அவள் உடுத்தி வந்த சேலை கிழியாமல் இருந்தது. அதனால் மடத்துத் தையல் வகுப்பில் ஒரு நல்ல சேலையைக் கிழித்துக் கொடுத்தார்கள்.

“சிரிக்காதீங்கம்மா, இது முன்” என்றார் படம் எடுத்தவர்.

அலுவலகத்தில் இருந்த அதிகாரியின் பெயர் ஞானவேல். நேர்மையானவர். பார்க்க வந்தவர்கள் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடமாட்டார். விதியில் இருப்பதை அவர் மீறியதில்லை, விதியில் இல்லாததை அவர் பார்த்ததுமில்லை.

“சார், இவங்க கொத்தடிமையா இருந்தவங்க. ரிலீஸ் சர்டிபிகேட் வேணும். ஹஸ்பண்ட் இன்னும் மேலதான் இருக்கார். நாப்பது பேர் இருக்காங்க” என்றார் சிஸ்டர்.

“உக்காருங்கம்மா” என்று நாற்காலியைக் காட்டினார் ஞானவேல். “இப்ப எங்க இருக்கீங்க?”

“ஒங்க முன்னுக்குத்தான் தொரை.”

“அதக் கேக்கல. எங்க தங்கியிருக்கீங்க?”

“சிஸ்டரோட மடத்துல.”

“அங்க உங்கள அடைச்சு வச்சிருக்காங்களா?”

கந்தம்மாள் சிஸ்டரைப் பார்த்தாள். “வெள்ளனே அஞ்சு மணிக்கு எழுப்பிப் பாட்டுப் படிக்கச் சொல்றாங்க. அடைக்கலைங்க.”

“அப்ப நீங்க சுதந்திரமா இருக்கீங்க.” ஞானவேல் பேனாவை மூடினார். “சுதந்திரமா இருக்கிறவங்கள நான் எப்படிம்மா விடுதலை பண்றது? ஏற்கெனவே இறங்கினவங்கள பஸ்ஸுலேர்ந்து இறக்கிவிட முடியுமா?”

“அப்ப மேல இருக்கிற நாப்பது பேரு?” என்றார் சிஸ்டர்.

“அவங்க யாரும் வந்து புகார் குடுக்கலியே.”

“வர விட்டாத்தானே சார் குடுப்பாங்க.”

“வர விடலேன்னு அவங்க வந்து சொல்லணும் சிஸ்டர்.”

கந்தம்மாள் யோசித்தாள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஆபீஸ் புதிதில்லை. “என்னா செஞ்சா விடுதலை குடுப்பீங்க தொரை?”

“ஸ்தல விசாரணைக்கு நான் வரும்போது, புகார் குடுத்தவங்க ஸ்தலத்துல, அடிமை நெலமையில இருக்கணும். பாத்த உடனே விடுவிச்சிடுவேன். எல்லாரையும்.”

“திரும்பப் போகச் சொல்றீங்களா?” சிஸ்டரின் குரல் உயர்ந்தது.

“நான் சொல்லவே மாட்டேன். ஒருத்தரை அடிமையா இருன்னு சொல்றது சட்டப்படி குத்தம். அவங்களா விருப்பப்பட்டு விண்ணப்பம் குடுத்தா, பெற்றுக்கொண்டேன்னு முத்திரை மட்டும் போடுவேன்.”

விண்ணப்பம் எழுதப்பட்டது. ‘ஐயா, நான் விடுதலை பெறும்பொருட்டு, புதன்கிழமை ஒரு நாள் மட்டும் அடிமையாக இருக்க அனுமதி தந்து உதவுமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, கந்தம்மாள்.’

வாசலுக்கு வந்ததும் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் கந்தம்மா. கடவுள் வேற வழி காட்டுவார்.”

“காட்டுவாரு சிஸ்டர். அதுக்குள்ளாற எங்க ஆளு ரெண்டு பேரு பங்கையும் உரிச்சே செத்துப்போயிருவாரு. ஒரு நாள்தானே.”

கூப்பில் தண்டாயுதபாணி அவளை அன்போடு வரவேற்றார். “வந்துட்டியா தாயி? கத்தி அங்கன கெடக்கு, சோலியப் பாரு.” விண்ணப்பத்தின் நகலை அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். “புதன்கிழமை ஒரு நாள்னு போட்டிருக்கு. சரி. எந்தப் புதன்னு போடலியே.”

மணியன் ஒரு மரத்தடியில் பட்டை உரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கத்தி கையிலிருந்து நழுவியது. “ஒனக்கு என்னா பைத்தியமா புள்ள? ஏன் வந்த?”

“ஒன்னையக் கூட்டிப் போகத்தான். அடிமையா இருக்கிறவங்களைத்தான் விடுதலை பண்ணுவாங்களாம்.”

மணியன் குனிந்து கத்தியை எடுத்தான். “அப்ப நான் மூணு வருசமாச் சரியாத்தான் இருந்திருக்கேன்.”

முதல் புதன்கிழமை அதிகாரி வரவில்லை. ஜீப்புக்கு டீசல் இல்லை. சிஸ்டர் மடத்துக் காசில் டீசல் வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது புதன்கிழமை டீசல் இருந்தது, டிரைவர் இல்லை. பழனியில் மொட்டை போட்டுக்கொள்ளப் போயிருந்தார். சிஸ்டர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து மாலைவரை ஜெபமாலை உருட்டினார். மாதர் கருணைச் சங்கத்தார் அவசரக் கூட்டம் போட்டு, தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டு, கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மூன்றாவது புதன்கிழமை ஜீப் கிளம்பியது. பாதி வழியில் மலை முழுக்க மூடுபனி. நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஞானவேல் ஜீப்பிலிருந்து இறங்கி நாலு பக்கமும் பார்த்தார். ‘கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடிமை எவரும் தென்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு திரும்பினார். கண்ணுக்கெட்டிய தூரம் அன்று எட்டடி.

நான்காவது புதன்கிழமை வெயில் அடித்தது. ஜீப்பின் பின்சீட்டில் சிஸ்டரும் ஏறிக்கொண்டார்.

வருகைக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அது திங்கட்கிழமையே தண்டாயுதபாணிக்குக் கிடைத்திருந்தது. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஆளுக்கொரு கம்பளி, ஆளுக்கொரு பன். வெட்டின மரத்தின் அடிக்கட்டையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜீப்பை விட்டு இறங்கிய ஞானவேல், படிவத்தை விரித்து, கந்தம்மாளையே முதலில் கூப்பிட்டார்.

“உங்களக் கட்டி வச்சிருக்காங்களா?”

“இல்லீங்க.”

“பசி?”

“இன்னிக்கு இல்லீங்க. தேத்தண்ணியும் பன்னும் குடுத்தாங்க.”

“அப்ப கீழ எறங்கிப் போறதுக்கு என்ன தடை?”

“போனா, மிச்சம் இருக்கிறவங்கள அடிப்பாங்க தொரை.”

“எங்க, அடிக்கட்டும், பாப்போம்” என்று ஞானவேல் சுற்றிலும் பார்த்தார். யாரும் அடிக்கவில்லை.

“நீங்க நிக்கும்போது எப்புடி அடிப்பாங்க?”

“நான் நிக்கும்போது நடக்காததை, நான் பாத்ததா எப்படிம்மா எழுதுறது?”

ஜீப்பில் சிஸ்டர் முகத்தை மூடிக்கொண்டார். தண்டாயுதபாணி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“அய்யா, நம்ம கூப்புல அடிமைன்னு ஒரு ஈ காக்கா கெடையாது. ஊருக்குள்ள இந்த மடத்துக்காரங்க வீணாப் பேரக் கெடுக்காங்க. அடிமை இல்லைன்னு அய்யா கையால ஒரு சர்டிபிகேட் எழுதித் தந்தீங்கன்னா, அடுத்த கூப்பு ஏலத்துக்கு ஒதவியா இருக்கும்.”

ஞானவேலின் முகம் மலர்ந்தது. இல்லாததை இல்லை என்று எழுதுவதில் அவருக்கு எட்டு வருஷ அனுபவம். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார். ஒரு வரிகூட விடாமல் எழுதினார். முத்திரையும் வைத்தார்.

“தொரை, அதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்களேன்” என்றாள் கந்தம்மாள். “எங்களைப் பத்தின காயிதம்தானே.”

அதில் தவறில்லை என்று ஞானவேலுக்குத் தோன்றியது. படித்தார். “இக்கூப்பில் கொத்தடிமை எவரும் இல்லை. இங்குள்ள நாற்பத்தொரு பேரும் எவருக்கும் எவ்விதக் கடனும் கடமையும் இன்றி, விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையுடன் இருப்பதை நேரில் கண்டறிந்தேன்.”

“நாப்பத்தியொண்ணுல எங்க ஆளும் உண்டா?”

“எல்லாரும் உண்டு.”

“இது எப்பலேர்ந்து செல்லும்?”

“முத்திரை வச்ச நிமிஷத்துலேர்ந்து.”

கந்தம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். “அப்ப நாங்க போயிட்டு வர்றோங்க” என்றாள். மணியனைப் பார்த்தாள். மணியன் பக்கத்து ஆளைப் பார்த்தான். மற்ற நாற்பது கத்திகளும் கீழே விழுந்தன.

“ஏலே, எங்க போறீங்க?” என்றார் தண்டாயுதபாணி.

ஞானவேல் பேனாவோடு நிமிர்ந்தார். “ஏதாவது ஆட்சேபணை உண்டா? இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம். மை இன்னும் காயல.”

தண்டாயுதபாணி ஏலத்தை நினைத்தார். நாற்பத்தொரு பேரைப் பார்த்தார். “இல்லைங்கய்யா” என்றார். “கம்பளியையாவது…”

“தொழிலாளருக்கு வழங்கப்பட்டவைன்னு கம்பளி அஞ்சாவது பத்தியில வந்துடுச்சு” என்றார் ஞானவேல்.

ஜீப் முன்னால் ஊர்ந்தது. நாற்பத்தொரு பேரும் கம்பளி போர்த்திக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சிஸ்டர் ஜீப்பிலிருந்து குதித்து, அவர்களோடு சேர்ந்து நடந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை வழியில் உட்கார்ந்துவிட்டார்.

வெற்றி கிடைத்தால் விழா எடுக்க வேண்டும். மாதர் கருணைச் சங்கத்தார் ‘அடிமைகள் விடுதலை விழா’ என்று அழைப்பிதழ் அச்சடித்தார்கள். ஞானவேல் எழுத்து மூலம் ஆட்சேபித்தார். அடிமைகளே இல்லாதபோது விடுதலை எங்கிருந்து வந்தது? ‘அடிமையற்ற மலை விழா’ என்று மாற்றி அச்சடித்தார்கள். அடிமை இல்லை என்று சர்டிபிகேட் வைத்திருந்தவர் மலையிலேயே ஒருவர்தான். ஆகவே தண்டாயுதபாணிக்கு மேடையில் நடுநாற்காலியும் பொன்னாடையும் கிடைத்தன.

நாற்பத்தொரு பேரையும் முன்வரிசைகளில் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் வேலை கிடைத்திருந்தது. மூட்டை தூக்க வேண்டும், தக்காளி பிரிக்க வேண்டும், அன்றன்றைக்குக் கூலி. வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் சிஸ்டர்தான். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் கிளம்ப வேண்டும். விழா இரண்டு மணிக்கு. தாராளமாக நேரம் இருந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த தலைமை விருந்தினர் மூன்றரைக்கு எழுந்தார். ‘அடிமைத்தனம்: அதன் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று தொடங்கினார். நாலே முக்காலுக்கு அவர் எகிப்தைவிட்டு இன்னும் கிளம்பவில்லை. கையில் முப்பது பக்கம் இருந்தது. மேடையில் தண்டாயுதபாணி பொன்னாடைக்குள் வியர்த்தார். சங்கத்துப் பெண்மணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். சிஸ்டருக்கு மாலை ஜெபத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர் விழித்துக்கொண்டே தூங்கினார்.

கந்தம்மாள் எழுந்தாள். மணியன் எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள்.

“எங்க கந்தம்மா?” என்று சிஸ்டர் பதறி, தாழ்ந்த குரலில் கேட்டார். “இன்னும் நன்றியுரை இருக்கு. குரூப் போட்டோ இருக்கு.”

“பஸ்ஸுக்கு நேரமாச்சு சிஸ்டர். வாங்களேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்களோட வந்து வழியனுப்புங்க.”

சிஸ்டர் ஆசையோடு கதவைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். “நான் எப்படிம்மா வர்றது?” என்றார்.

ஓரத்து நாற்காலியில் ஞானவேல் இருந்தார். கந்தம்மாள் தன்னைத் தாண்டிப் போகும்போது அவர் மெல்லக் குனிந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: “சீஃப் கெஸ்ட் பேசிட்டிருக்கும்போது எப்படிம்மா எந்திரிச்சீங்க?”

“காலாலதான் தொரை” என்றாள் கந்தம்மாள்.

பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது. தலைமை விருந்தினர் ஆறரைக்கு ரோமாபுரிக்கு வந்து சேர்ந்தார். மண்டபத்தில் மிச்சம் இருந்த நூற்றிருபது பேரும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். யாருக்கும் கடன்பட்டவர்கள் இல்லை. ஏழே முக்காலுக்கு நன்றியுரை முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. கந்தம்மாள் போகும்போது திறந்த கதவு, குளிர்காற்று வர வர, திறந்தேதான் கிடந்தது.