‘யாரது’ என்று கேட்ட லேப்டாப்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் பத்திரிகைக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் கொடைக்கானலிலேயே பேய்க்குப் பயப்படாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

நான் பெருக்கித் துடைக்கும் விடுதியில், கடைசி அறையில் ஏதோ நடமாட்டம் என்று வாட்ச்மேன் கதை கட்டியிருந்தார். தங்க வந்த இவர் “எத்தனை மணிக்கு வருங்க?” என்று விசாரித்து அதே அறையை எடுத்தார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கறுப்புத்திரை’. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் கம்ப்யூட்டர் செய்யுமாம். அதற்கு ஷெல் என்று பெயராம். அதில் எந்த நாட்டுக்காரர் கோளாறு சொன்னாலும் சரிசெய்வது அவர் சோலி. எதையும் இரண்டு தடவை கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். குரங்கு அவர் ரொட்டியைத் தூக்கிய அன்று, அதே இடத்தில் இன்னொரு ரொட்டியை வைத்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்தார்.

ஒரு கோளாறு மட்டும் அகப்படவில்லை. அழித்த வரி தானாகத் திரும்பி வருகிறது என்று எங்கோ ஒருவர் எழுதியிருந்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பாக்கலைன்னா, அப்படி ஒண்ணும் இல்லைன்னு புகாரை மூடிருவாங்கக்கா. அந்த மனுசன் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்.”

சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. அழித்தது திரும்பி வருகிறதா என்று பார்க்க, நாள் முழுக்க ‘யாரது’ என்று தட்டுவார், அழிப்பார்.

புதன்கிழமை மத்தியானம் பெருக்கப் போனேன். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து கட்டில் காலை மறைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. மேசையில் பெரிய திரை அணைந்தது. பக்கத்தில் இருந்த லேப்டாப் மட்டும் பேட்டரியில் வெளிச்சமாக நின்றது. அதில், என்னைப் பார்த்துக் கேட்பது போல, ஒரு வரி வந்தது.

யாரது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கதை கட்டிய வாட்ச்மேனே சிரித்தார். “ஏத்தா, பேயா இருந்தாலும் கரண்டு இருந்தாத்தானே தட்டும்?”

அதோடு வாயை மூடிக்கொண்டேன். வியாழக்கிழமையும் அவர் சோற்றைத் தொடவில்லை என்று பார்த்ததும் தாங்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார்.

“என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கக்கா?”

“பெருக்கிக்கிட்டு இருந்தேங்க.”

“என்ன நடக்கும்னு நெனச்சீங்க?”

“குப்பை போகும்னு.”

“என்ன நடந்துச்சு?”

“கரண்டு போச்சு. ‘யாரது’ன்னு கேட்டுச்சுங்க.”

எழுந்து போய் ‘யாரது’ என்று தட்டி, அழித்துவிட்டு, பெரிய திரையின் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப்பில் வந்தது. செருகி, தட்டி, அழித்து, மறுபடி பிடுங்கினார். வந்தது. பெரிய திரை அணைந்து, எல்லாம் சின்னத் திரைக்கு மாறும்போது ஷெல் பழைய வரியை எடுத்து எழுதிவிடுகிறதாம். கரண்ட் போனால் இவர் காப்பிக்கு இறங்கிவிடுவார். பிறகு எப்படிக் கண்ணில் படும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சரிசெய்து முடித்தார். ஆனால் புகாரை மூடவில்லை.

“பாத்தவங்க நீங்க. இனி வரலைன்னு நீங்கதான் சொல்லணும்.”

‘யாரது’ என்று தட்டி அழித்துவைத்தார். மேகம் இறங்கியது. கரண்ட் போனது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அந்த லேப்டாப்பையே பார்த்தோம்.

“வரலைங்க” என்றேன். அதை அப்படியே எழுதிப் புகாரை மூடினார்.

நான் சொன்னதை நம்பி ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. பெருக்குவதை நிறுத்திவிட்டு வெறும் மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.