ஒழுக்கமான வீடு

எனக்குக் கோபம் வந்தால் விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிற ரயில் சிக்னல் இல்லாமலே புறப்பட்டுவிடும். அன்றைக்கு அப்படி ஒரு கோபம். காரணம், என் மனைவி காந்திமதி. தோசையைத் திருப்பிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னங்க, திண்டிவனத்துல புதுசா வீடு கட்டி விக்கிறாங்களாம். நம்ம பழைய வீட்ட எடுத்துக்கினு, மீதிப் பணத்த மட்டும் வாங்கிக்கினு, புது வீட்டச் சாவியோட குடுக்கறாங்க. நம்ம வீட்ட வந்து பாருங்கன்னு கம்பெனி ஆளுகிட்ட சொல்லிட்டேன்."

"பழைய புடவையப் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கற மாதிரியா? இது நான் கட்டுன வீடுடி! குடுக்க மாட்டேன்!"

"கத்தாதீங்க. அந்த ஆளு வந்துக்கினே இருக்காரு."

கத்தி இவளிடம் நான் ஜெயித்ததே இல்லை. அதனால் ஒரு திட்டம் போட்டேன். வருகிறவன் தலைதெறிக்க ஓடும்படி வீட்டைக் காட்டிவிடுவது!

கம்பெனி ஆள் பிரவீன்குமார் இஸ்திரி கலையாத சட்டையில் வந்தார். வாசலிலேயே மடக்கினேன்.

"சார், இது ரொம்ப ஒழுக்கமான வீடு."

"சந்தோஷம் சார்."

"மழை வந்தா எல்லா ரூமும் ஒழுகும்."

சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதைக் காட்டினேன். கதவு நிலையைத் தட்டினேன்; கரையான் மண் அவர் ஷூவில் கொட்டியது. பாத்ரூம் கதவை இழுத்துக் காட்டினேன்.

"சாத்தவே சாத்தாது சார். உள்ள போனவங்க வெளிய வர்ற வரைக்கும் பாட்டுப் பாடிக்கினே இருக்கணும்."

காந்திமதி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த ஸ்டோர் ரூமையும் காட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். மிரண்டுவிட்டாள் என்று நினைத்து இன்னும் உற்சாகமானேன்.

"இதுல மனுஷன் இருப்பானா சார்?" என்று முழங்கினேன்.

பிரவீன்குமார் சிரித்தார். "பரவால்ல சார். எப்படியும் இடிக்கத்தான் போறோம். எங்களுக்கு மனைதான் முக்கியம். எப்ப கையெழுத்து போடலாம்?"

இடிப்பதா? வேலைக்குப் போகுமுன் தினமும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றி நான் வளர்த்த வீடு!

"காந்திமதி, வேணாம்டி. நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். வீட்ட மட்டும் விட்டுட வேணாம்."

"சார், அவருக்கு இஷ்டமில்ல. மன்னிச்சுக்குங்க" என்று அவள் உடனே அவரை அனுப்பிவைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குடி அந்த ஆளக் கூப்ட்ட?"

அவள் கரண்டியை வைத்தாள். இப்போது அவளுடைய கோபம்.

"ஒழுவுதுன்னா ஒழுவலன்றீங்க. கரையான்னா தூசின்றீங்க. கதவு சாத்தலன்னா காத்து வரட்டும்ன்றீங்க. மழைக்காலம் பூரா குண்டானு வெச்சிக்கினு, தூங்காம தண்ணி மொண்டு ஊத்துனது நானு! நீங்க கட்டுன வீட்ட ஒரு கொற சொல்லிடக்கூடாது. இன்னிக்கு உங்க வாயாலயே எல்லாத்தயும் சொன்னீங்க இல்ல?"

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் மணல் டிராக்டர் வந்து நின்றது. மேலே உட்கார்ந்திருந்த மேஸ்திரி தேவநாதன் குதித்து இறங்கினார்.

"எங்கெங்க ரிப்பேருன்னு சாருக்கு அத்துப்படியாமே? அக்கா சொன்னாங்க."

பல்லைக் கடித்தேன். "எல்லா ரூமையும் கொத்திப் போட்டா நாம எங்கடி தங்கறது?"

"பொட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டேன். வேல முடியற வரைக்கும் திண்டிவனத்துல எங்கம்மா வீட்லதான்."