காணாமல் போகாத பாகம்

சேலையூர்,
ஞாயிறு காலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் கதிரேசன் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் குப்புராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகள் அனுப்பிரியாவும் உடம்பளவில் நலம். மனதளவில் அவர்கள் இருவரும் எப்படி என்று தெரியவில்லை, என்னோடு பேசி நான்கு நாளாகிறது. உங்கள் நலத்தையும் உங்கள் மனைவியான அக்காவின் நலத்தையும் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். பதினொரு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்காதது நியாயம்தான். அதனால்தான் தபாலில் வருகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். படப்பையில் உங்கள் சிமென்ட் கடையில் இருந்த அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை, கட்டடக் கலை படிக்கும் பெண்ணுக்கு உதவட்டும் என்று நீங்களாகவே கொண்டுவந்து கொடுத்தீர்கள். டிபன் டப்பா அளவுப் பெட்டி. கடை பில் போடுவதற்கு அது போதும். இவளோ மூன்று மாடிக் கட்டடத்தை அதில் வரைந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிறாள். அது ஒரு பக்கம் திரும்புவதற்குள் இவள் சாப்பிட்டுக் கை கழுவி வந்துவிடுவாள். "அப்பா, ராம் மெமரி ஏத்தணும். முடிஞ்சா கிராபிக்ஸ் கார்டும் போடணும்" என்றாள். நான் அதைத் துணிப்பையில் போட்டு, மேற்குத் தாம்பரத்தில் வெற்றிவேல் என்பவர் நடத்தும் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வேலை பார்ப்பது வெண்ணிலா என்ற பெண். கோவளத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். அம்மா மீன் விற்கிறார். என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, "சார், இது உள்ள லேப்டாப்பு மாதிரிதான். ராமுக்கு ரெண்டு எடம் கீது, முப்பத்திரெண்டு ஜிபி வரைக்கும் போடலாம். எஸ்எஸ்டி டிஸ்க்கு ஒண்ணு மாத்தலாம். கிராபிக்ஸ் கார்டு இதுக்குள்ள நுழையாது. நுழைஞ்சாலும் இந்தச் சின்ன சார்ஜரு அதுக்குக் கரண்டு குடுக்காது. இந்தப் பெட்டிக்கு இவ்ளோதான் சார்" என்றாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. சொன்னபடியே செய்தும் கொடுத்தாள். கட்டடம் வேகமாகத் திரும்பியது. அனுப்பிரியாவுக்கு ஒரே சந்தோஷம். நான் அத்தோடு நின்றிருக்கலாம்.

ஆனால் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவனிடம் ஒரு பெண் வந்து, நுழையாது என்று சொன்னால் மனசு கேட்கிறதா? ஒரு நாள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, நானே அளந்து பார்க்கிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். கார்டு நுழைய இடமில்லைதான். ஆனால் ஒரு மூலையில் நகம் அகலத்துக்கு ஒரு ஸ்லாட், பக்கத்தில் நம்பர் அச்சடித்து, காலியாக இருந்தது. எங்கள் ஸ்டோர்ஸில் நம்பர் போட்ட தட்டு காலியாக இருந்தால் சரக்கு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். சீட்டு இல்லாமல் போயிருந்தால் திருட்டு. சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன் மச்சான், உங்கள் தங்கை "சாப்டுட்டாவது போங்க" என்று கத்தியும் நிற்கவில்லை.

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். "இங்க இருந்த பார்ட் எங்கம்மா?" என்றேன். "சார், அங்க எப்பவுமே ஒண்ணும் கெடையாது" என்றாள். "நம்பர் போட்ட இடம் எப்படிக் காலியா இருக்கும்?" என்று நான் சத்தம் போட, வெற்றிவேல் கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, அவளது பையை மேஜையில் கொட்டச் சொன்னார். சோற்று டப்பா, குடை, சீப்பு, அவள் அம்மாவின் மாத்திரை அட்டை. அத்தோடும் நான் நிற்கவில்லை. "சைடு ஜிப்பையும் திறக்கச் சொல்லுங்க" என்றேன். திறந்தாள். அதில் இருந்ததை எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கையும் என் மகளும் மாதத்தில் அந்த மூன்று நாளுக்காகப் பையில் வைத்திருப்பதுதான்.

அவள் அழவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பையில் எடுத்து வைத்துவிட்டு, போனைத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினாள். எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் படம் எடுத்துக்கொள்வாளாம். முதல் நாள் எடுத்த படம். அதிலும் அந்த ஸ்லாட் காலி. அதன் மேலேயே, இது என்ன அது என்ன என்று கேட்டுக்கொண்டு நீட்டிய என் விரல், என் கல்யாணத்துக்கு நீங்கள் போட்ட மோதிரத்தோடு.

அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "அப்படின்னா குடுத்தவரே கழட்டிக்கிட்டுத்தான் குடுத்திருக்கார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் குன்றத்தூர் மலையில் நம் சொந்தக்காரக் குழந்தை பிரணவுக்குக் காதுகுத்து. பந்தியில் நாற்பது பேருக்கு நடுவில் அதையே சொன்னேன். "சிமென்ட் கடைக்காரர், எடை குறைக்காம எதைத்தான் குடுப்பார்" என்று வேறு சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த வரிசையில் அக்கா இருந்ததை நான் பார்க்கவில்லை. அவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அனுப்பிரியா, அந்த மாடலின் கையேட்டை எங்கோ தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள். "அப்பா, அது வைஃபை கார்டுக்கான இடம். வேணும்கிறவங்க பின்னால வாங்கிப் போட்டுக்கலாம். மாமா வாங்கினதுல அது வரவே இல்ல. அவர் கடையில ஒயர்லதானே நெட்டு? யாரும் எதையும் எடுக்கலப்பா." அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வெண்ணிலா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தப்பு என்மேலதாம்மா" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நாலு பேர் நடுவுல பேசுனீங்க. இன்னிக்கு யாரும் இல்லாத நேரமா பாத்து வந்துகீறீங்க. இது யாருக்கு சார்?" என்றாள். வெளியே வந்து டீக்கடையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கடை நிறைந்ததும் போய், "இந்தப் பெண் எதையும் எடுக்கலை. நான்தான் தெரியாம பழி போட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளிடம் "உங்களுக்கு இன்னா சார்?" என்று கேட்டாள்.

மச்சான், உங்களுக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். இந்தக் கடிதம் யாரும் இல்லாத நேரத்தில் பேசுவது போலத்தான். வரும் ஞாயிறு பிரணவ் வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். நீங்களும் அக்காவும் அவசியம் வாருங்கள். அந்த நாற்பது பேர் முன்னாலும் சொல்கிறேன்: நீங்கள் நல்ல மனசோடு கொடுத்ததை நான் திருட்டுச் சரக்கு ஆக்கினேன். இனி என் வாயால் யார்மீதும் ஒரு சந்தேகச் சொல் வராது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. அக்காவுக்கு, அவர் ஏற்றுக்கொண்டால், என் வணக்கம்.

தலைகுனிந்து,
குப்புராஜ்

பி.கு.: உறையை ஒட்டும் முன், திறந்தே கிடந்த அந்தக் கம்ப்யூட்டரை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூடிக்கு நாலு ஓட்டை இருக்கிறது, ஸ்குரூ மூன்றுதான் இருக்கிறது. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: உங்கள் கடையில் இருந்தபோது நாலும் இருந்ததா மச்சான்?