இளவெயிலா, இளமணலா?

உலக வரலாற்றில் எத்தனையோ குழுக்கள் தோன்றி மறைந்திருக்கலாம். ஆனால் ஒரு சுவருக்காகத் தூக்கத்தைத் துறந்த குழு எங்களுடையது ஒன்றுதான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது என்பதை, அதன் செயலாளர் என்ற முறையில் முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத் தட்டச்சர் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பினார். கணவர் தினமும் மதியம் கைக்குழந்தையைத் தூக்கி வருவார். பால் கொடுக்க ஓர் இடம் கேட்டு மனுப் போட்டார் தட்டச்சர்.

"ஒரு நாற்காலி, ஒரு தாழ்ப்பாள் போதும் சார்."

பாவம், தொலைநோக்கு இல்லாதவர். மேலாளர் அன்றே மூலை அறையை ஒதுக்கி, 'தாய்மை போற்றும் அறை' என்று பெயரிட்டு, வர்ணம் தேர்ந்தெடுக்க ஐவர் குழு அமைத்தார். ஐவரும் ஆண்கள். உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுக்க வேண்டுமல்லவா!

பெயிண்டர் சுவரில் இரண்டு கட்டம் அடித்துக் காட்டினார். ஒன்று 'இளவெயில்', மற்றது 'இளமணல்'. இரண்டும் சந்தன நிறம்.

"இளவெயில்ல ஒரு கதகதப்பு இருக்கு" என்றார் கணக்கர்.

"ஓவரா கதகதன்னு இருந்தா குழந்தைக்கு வேர்க்குமேய்யா!" என்றார் மேலாளர்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். காஞ்சா எனக்கே வித்தியாசம் தெரியாது" என்றார் பெயிண்டர். அவரைக் கூட்டத்துக்கு அழைப்பதை நிறுத்தினோம்.

காலை வெளிச்சத்தில் ஒரு கூட்டம், மாலை வெளிச்சத்தில் ஒரு கூட்டம். மழைக்காலத்தில் எப்படித் தெரியும் என்று பார்க்க முடிவை ஒத்திவைத்தோம். ஒரு மழைக்காலம் போதவில்லை, அடுத்ததையும் பார்த்தோம். அதுவரை தட்டச்சர், பழைய கோப்பு அறையில் அலமாரிக்குப் பின்னால் துண்டைத் திரையாகக் கட்டிப் பால் கொடுத்தார். தூசியில் குழந்தை தும்மித் தும்மி எங்கள் விவாதத்தைக் கெடுத்தது.

"வர்ணமே வேணாம் சார், சாவிய மட்டும் குடுங்க" என்று ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டார்.

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க? உங்களுக்குப் போய் அரைகுறையா செய்ய எங்களுக்கு மனசு வருமா?" என்ற மேலாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பதினேழாவது கூட்டத்தில் 'இளமணல்' ஏகமனதாக வென்றது. அதற்குள் சுவரிலும் டப்பாக்களிலும் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் உதிர்ந்திருந்தன. எது எதுவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெயிண்டர் கைக்குக் கிடைத்த டப்பாவை எடுத்து அடித்துவிட்டுப் போனார். அற்புதமான தேர்வு என்று கைகுலுக்கிக்கொண்டோம்.

திறப்பு விழாவுக்குத் தட்டச்சர் வந்தார். கையில் குழந்தை இல்லை. கூடவே ஓடிவந்த சின்னப் பெண் ரிப்பனைப் பிடித்து இழுத்தாள்.

"இவ பால் மறந்து ஒரு வருஷமாச்சு சார்" என்றார் தட்டச்சர்.

அறிக்கையில் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "குழு ஒருநாளும் தாமதிக்கவில்லை. குழந்தைதான் அவசரப்பட்டு வளர்ந்துவிட்டது."