எல்லைக் கல்லிலிருந்து அளங்க, சார்!

இடி இடித்தாலும் புரண்டு படுப்பார்கள். அடுத்த வீட்டு வாசலில் செங்கல் இறங்கினால் மட்டும் துள்ளி எழுந்துவிடுவார்கள். அப்படி ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப் பையில் இவர்கள் அளவு டேப் வைத்திருப்பார்கள்.

நம் டேப்காரர் அந்த இனத்தில் அசல். பக்கத்து வீட்டு டீச்சர் பின்பக்கம் ஓர் அறை கட்ட ஆரம்பித்தார். அவர் கணவர் இடுப்பு ஒடிந்து, மாடி ஏற முடியாமல், வருகிறவர் போகிறவர் கண்ணெதிரே ஹாலில் கட்டிலோடு கிடந்தார்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல டீச்சர். ஆனா மதிலுக்கும் சுவருக்கும் நடுவுல இடம் பத்தலையே!" என்றார் டேப்காரர். கோபமே இல்லாதவர் மறுநாள் வக்கீல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். சுவர் இடுப்பளவு எழும்பியபோது தடை உத்தரவு வந்தது.

அன்று முதல் மனிதருக்கு முகத்தில் தனிக் களை! சலவைச் சட்டை, கக்கத்தில் கேஸ் கட்டு, எந்த பெஞ்சில் மின்விசிறிக் காற்று வரும் என்கிற ஞானம், வாய்தா கிடைத்த நாளில் வழியெல்லாம் ஒரு முணுமுணுப்புப் பாட்டு. கோர்ட் சேவகர் அவர் பெயரை உரக்கக் கூப்பிடும்போது உச்சி குளிர்ந்துவிடும். பாவம், ரிட்டையரான பிறகு வீட்டில் அவரை யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?

நீதிபதி கேட்டுப் பார்த்தார். "பக்கத்துப் பக்கத்து வீடு. உட்கார்ந்து பேசிக்கக் கூடாதா?"

"கொள்கைப் பிரச்சினைங்கய்யா. ஓர் அங்குலமானாலும் சட்டம் சட்டம்தான்."

அப்படியானால் அளந்தே பார்த்துவிடலாம் என்று நீதிபதி ஓர் ஆணையரை, நில அளவையரோடு அனுப்பினார். வந்தவர்கள் மதிலிலிருந்து அளக்கப் போனார்கள். நம்மவருக்குப் பொறுக்குமா?

"மதிலை நம்பாதீங்க சார். அதை யார் வேணா எங்க வேணா கட்டலாம். எல்லைக் கல்லைத் தேடி, அதுலேருந்து அளங்க!"

தேடினார்கள். கடப்பாரையும் அவரே கொடுத்தார். கல் கிடைத்தது. மதிலுக்கு இந்தப் பக்கம், அவருடைய சமையலறைச் சுவரை ஒட்டி.

டீச்சரின் அறைக்கு இடம் தாராளம். மனைவி கேட்டாளே என்று யாரிடமும் அனுமதி வாங்காமல் டேப்காரர் பெரிதாக்கிய சமையலறைக்குத்தான் இடைவெளியே இல்லை.

"நாளைக்கு நான் அடுப்பை எங்க கொண்டு வைக்கிறது?" என்றாள் மனைவி. டேப்காரர் டேப்பை இழுத்தார், விட்டார், இழுத்தார்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஓர் அங்குலமானாலும் சட்டம் சட்டம்தான்னு சொன்னது நீங்கதானே?"

"பக்கத்துப் பக்கத்து வீடுங்கய்யா," டேப்காரர் கேஸ் கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "உட்கார்ந்து பேசிக்கலாமே!"

டீச்சர் நினைத்திருந்தால் அந்தச் சமையலறையை இடிக்க வைத்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரர் கட்டிலை உள்ள போட்டாப் போதும். அவங்க அடுப்பு அங்கயே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனசு டேப்காரருக்கு நன்றாகவே வலித்தது.

எத்தனை நாளைக்கு? அறைக்குக் கூரை ஏறிய அன்று, தப்பிப் பிழைத்த அதே சமையலறையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "கூரை கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?" என்றார். மனைவி டேப்பைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டாள்.

நீங்கள் அந்த இனம் இல்லைதான். ஆனால் படித்துக்கொண்டே ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்களே, எந்த வீட்டுச் சுவரை?